எர்த்துக் குழிக்கு இரண்டு குடம்

சின்னராசு பச்சைப் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு சும்மா நிற்கிறான் என்றுதான் செங்கம்மாள் நினைத்தாள். வெட்டும் மிஷினின் சுவிட்ச் அந்தப் பெட்டியில்தான் இருந்தது. டீ நேரம் முடிந்து சுவிட்சைப் போட வந்தவன், போடாமல் ஏதோ யோசனையில் நிற்கிறான், சூப்பர்வைசர் பார்த்தால் கத்தப்போகிறார் என்று எண்ணிக்கொண்டே துடைப்பத்தால் இரும்புச் சுருளை இன்னும் இரண்டு தள்ளு தள்ளினாள். நிமிர்ந்து மறுபடி பார்த்தாள். அவன் வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. கழுத்து நரம்பு விரல் தடிமனுக்குப் புடைத்திருந்தது. உள்ளங்கை பெட்டியோடு ஒட்டிக் கிடந்தது. அடப் பாவி, இது நிற்கிற நிற்பு இல்லை என்று புத்திக்கு எட்டியபோது அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கத்த வேண்டும் என்று தெரிகிறது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது.

வேறு யாரோதான் கத்தினார்கள். வயர்மேன் தானியேல் பாய்ந்து வந்து மெயினை இழுத்தார். மொத்த ஷெட்டும் ஒரே மூச்சில் நின்றது. சின்னராசு பெட்டியை விட்டு, துணி நழுவுகிற மாதிரி, இருந்த இடத்திலேயே சரிந்தான். மார்பில் குத்தினார்கள், உள்ளங்காலைத் தேய்த்தார்கள், வாயில் ஊதினார்கள். லோடு ஏற்ற வந்து நின்ற லாரியில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். கவரைப்பேட்டை கேட்டில் கூட்ஸ் வண்டிக்காகக் கால் மணி நேரம் நின்றதாம். நிற்காமல் போயிருந்தாலும் பிரயோசனம் இருந்திருக்காது என்று டாக்டர் சொன்னாராம். பன்னிரண்டு மணிக்கு லாரி திரும்பி வந்தபோது டிரைவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. இறங்கி நேராகத் தண்ணீர்ப் பானைக்குப் போய் இரண்டு டம்ளர் குடித்தான். அதிலேயே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

காலையில் "யக்கா, பாப்பாவுக்குப் பேர் வெச்சாச்சா?" என்று அவள் பேத்தியை விசாரித்தவன். பத்தேகால் மணிக்குத்தான் கேட்டான். பத்தரைக்கு இல்லை. இப்படியும் ஒரு மனுஷன் போவானா என்று செங்கம்மாள் ஷெட்டுக்குப் பின்னால் போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். எழுபத்தைந்தாம் வருஷத்துச் சித்திரை வெயில், தலைக்கு மேல் நெருப்பு மாதிரி அடிக்கிறது, இவளுக்குக் குளிர்கிறது.

அது போல்ட்டும் நட்டும் செய்கிற கம்பெனி. கும்மிடிப்பூண்டிப் பக்கம் வயலெல்லாம் கம்பி வேலி போட்டு ஒவ்வொன்றாய்க் கம்பெனி ஆனபோது, நாற்று நட்டுக்கொண்டிருந்த காலனி ஜனம் அப்படியே மிஷினுக்கு முன்னால் வந்து நின்றது. புருஷன் செத்த வருஷம் செங்கம்மாள் கூட்டிப் பெருக்குகிற வேலைக்குச் சேர்ந்தாள். எட்டு வருஷம் ஆகிறது. சேர்ந்த முதல் நாளே தானியேல் அவளை ஷெட்டுக்குப் பின்னால் கூட்டிப்போய் ஒரு சிமெண்டு மூடியைக் காட்டினார். மூடியைத் தூக்கினால் ஒரு குழாய் வாய், சுற்றிலும் கரியும் உப்பும் கலந்த மண். பெட்டியிலிருந்து ஒரு தடிக் கம்பி சுவரோடு இறங்கி வந்து அந்த மண்ணுக்குள் போய் மறைந்தது. தினமும் காலையில் இதில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும், ஞாயிற்றுக்கிழமை தவிர ஒரு நாளும் நிறுத்தக் கூடாது என்றார். எதுக்குண்ணே என்று கேட்டாள். எர்த்துக் குழி, உனக்குச் சொன்னால் புரியாது என்று சொல்லிவிட்டுப் பீடியைப் பற்றவைத்துக்கொண்டார்.

புரியாது என்றால் விட்டுவிட வேண்டியதுதானே. அவளும் விட்டுவிட்டாள். மற்ற பெண்கள் கேலி பேசுவார்கள். வயர்மேன் புதையல் புதைத்து வைத்திருக்கிறார், அது முளைக்கட்டும் என்று செங்கம்மாளை விட்டுத் தண்ணீர் ஊற்றச் சொல்கிறார் என்பார்கள். செடியா கொடியா, இல்லை. சாமியா, அதுவும் இல்லை; தானியேல் ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர். என்ன இழவோ, ஊற்றச் சொன்னார், ஊற்றினாள். எட்டு வருஷம் ஊற்றியும் அந்த மண் ஒரு வார்த்தை நல்லதும் சொல்லவில்லை, கெட்டதும் சொல்லவில்லை.

இந்த வருஷம் மழை பொய்த்தது. மாசியிலேயே காலனிக் கிணறு வற்றிப்போய், அடியில் தவளை செத்துக் கிடந்தது. தண்ணீர் லாரி வாரத்துக்கு ஒரு தடவை வந்தால் ஊரே அடித்துக்கொண்டது. கம்பெனி போர்வெல்லில் மட்டும் தண்ணீர் வந்தது. அதிலிருந்து ஒரு சொட்டு வெளியே போகக் கூடாது என்று சூப்பர்வைசர் சுப்பராயன் தொட்டிக்குப் பூட்டுப் போட்டார். கேட்டில் வாட்ச்மேன் தூக்குச்சட்டியைக்கூடத் திறந்து பார்த்தான். அந்த நேரம் பார்த்துத்தான் செங்கம்மாளின் மகள் செல்லியம்மாள் தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வந்து பெண் குழந்தை பெற்றாள். பச்சை உடம்புக்காரிக்குத் தலைக்கு ஊற்ற வேண்டும், குழந்தையைக் குளிப்பாட்ட வேண்டும், துணி அலச வேண்டும். மண் குடத்தின் அடியில் கலங்கின தண்ணீர் அரைச்சாண் இருந்தது. பூட்டின தொட்டியிலிருந்து யாரும் ஏன் என்று கேட்காமல் தினமும் இரண்டு குடம் தண்ணீர் எடுக்கிற உரிமை கம்பெனியில் ஒரே ஒருத்திக்குத்தான் இருந்தது.

பச்சைக் குழந்தை ஒரு பக்கம், வாய் திறக்காத மண் ஒரு பக்கம். யாராயிருந்தாலும் எதற்கு ஊற்றுவார்கள்? குழிக்குப் பக்கத்திலேயே பின்சுவர். மார்பு உயரம். அந்தப் பக்கம் காலனிக்குப் போகிற ஒற்றையடிப் பாதை. நிறைகுடத்தைத் தூக்கிச் சுவர் தாண்டி இறக்க அவளால் முடியாது, தோள் பிசகிக்கொண்டது. டீ நேரத்தில் பீடி குடிக்கப் பின்னால் வருகிற சின்னராசு அதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் குடத்தை வாங்கி அலட்சியமாகத் தூக்கி அந்தப் பக்கம் நீட்டினான். அந்தப் பக்கம் நின்று வாங்கிக்கொண்டவள் அவன் பெண்டாட்டி கங்கம்மா. பக்கத்து வீடு. காலனியில் எந்தக் குழந்தை பிறந்தாலும் முதல் மூன்று மாசம் காலில் போட்டுக் குளிப்பாட்டுகிறவள் அவள்தான். இருபத்திரண்டு நாள் இப்படியே நடந்தது. புருஷன் நீட்டுவான், பெண்டாட்டி வாங்குவாள், போகிறபோது ஏதாவது கிண்டலாகச் சொல்லிவிட்டுப் போவாள். குழந்தை அந்தத் தண்ணீரில் கொழுகொழுவென்று தேறிக்கொண்டு வந்தது.

சின்னராசு செத்த அன்று மத்தியானம், எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தானியேல் பெட்டியைச் சோதித்தார். கூட்டுகிறவளுக்கு யார் விடுமுறை கொடுப்பார்கள்? செங்கம்மாள் தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பல்பில் இரண்டு நீள வயர் கட்டி, ஒரு முனையைப் பெட்டியின் தகரத்தில் மாட்டினார், இன்னொரு முனையைப் போர்வெல் குழாயில் சுற்றினார். கிட்டே வராதே என்று சொல்லிவிட்டு மெயினைப் போட்டார். பல்பு பளிச்சென்று எரிந்தது. வீட்டில் கூட அவள் அத்தனை வெளிச்சமாக ஒரு பல்பைப் பார்த்ததில்லை. சும்மா சுவரில் கிடக்கிற தகரப் பெட்டி, தினமும் அவள் துணியால் துடைக்கிற பெட்டி, விளக்கு எரிகிற அளவுக்குக் கரண்டை உடம்பெல்லாம் பூசிக்கொண்டு நிற்கிறது. நேற்றும் இப்படியே இருந்ததா, முந்தாநாளுமா என்று நினைத்து, தூணுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள்.

மெயினை இழுத்துவிட்டுப் பெட்டியைத் திறந்தார். வயர் உள்ளே நுழைகிற துவாரத்தில், மிஷின் அதிர்ந்து அதிர்ந்து தகர விளிம்பு ரப்பரை அறுத்திருந்தது. செம்பு வெளியே தெரிந்தது. அதற்கப்புறம் ஒரு பீஸ் கட்டையை உருவினார். பீங்கான் கட்டை, அதில் முடி மாதிரி ஒரு கம்பி இருக்கும்; கரண்ட் தாறுமாறாகப் போனால் அது உருகி அறுந்துவிடும், இதை எட்டு வருஷத்தில் பார்த்துப் பார்த்தே செங்கம்மாள் தெரிந்துகொண்டிருந்தாள். இந்தக் கட்டையில் இருந்தது முடி இல்லை. துணிக்கொடி கட்டுகிற தடிமனுக்கு முறுக்கின செம்புக் கம்பி. அது ஜென்மத்துக்கும் அறுந்துபோகாது. பீஸ் அடிக்கடி போய் வேலை நிற்கிறது என்று சுப்பராயன் தை மாசத்தில் ஷெட் நடுவில் வைத்துத் தானியேலைக் கிழித்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. அதற்கப்புறம் பீஸ் போனதே இல்லை. தானியேல் அந்தச் செம்பைக் கழற்றிப் பேண்ட் பைக்குள் போட்டுக்கொண்டு, மெல்லிசுக் கம்பியைச் சுற்றினார். ஒரு திருகாணியை முடுக்க மூன்று தடவை முயன்றார்.

பிறகு பின்னால் போய்க் குழி மூடியைத் தூக்கினார். அவள் பின்னாலேயே போனாள். மண் வெடித்திருந்தது. குழாய்க்கும் மண்ணுக்கும் நடுவே விரல் போகிற அளவுக்கு இடைவெளி. ஒரு பிடி அள்ளினார். பொடியாய்க் காற்றில் பறந்தது.

"தெனம் ஊத்துனியா?"

"ஊத்துனேனே" என்றாள். வாய் முந்திக்கொண்டது.

தானியேல் அவளைப் பார்க்கவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து அந்த மண்ணிடம் சொல்கிற மாதிரிச் சொன்னார்.

"பொட்டில கரண்ட் எறங்கிச்சின்னா இந்தக் கம்பி வழியா மண்ணுக்குள்ள பூடணும், பீஸு போயிடணும். ஈர மண்ணுதான் கரண்ட வாங்கும். காஞ்ச மண்ணு வாங்காது. வாங்கலன்னா அது பொட்டிலயே நின்னுக்கினு கீது. எவன் வந்து தொடுவான்னு."

எட்டு வருஷம் கழித்து, இத்தனை சின்னதாக, இத்தனை லேசாக. இதில் என்ன புரியாமல் போகிறது? அரிச்சுவடி தெரியாதவளுக்கும் புரிகிறதே. பாவி மனுஷா, இதை அன்றைக்கே ஒரு வாய் சொல்லியிருந்தால் நான் என் பேத்தியை வெறும் ஈரத்துணியால் துடைத்துப் போட்டிருப்பேனே என்று அவளுக்கு மார்பில் அறைந்துகொண்டு கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தவில்லை. தானியேல் எழுந்து கையைத் தட்டிக்கொண்டார்.

"நீ தெனம் ஊத்துன. நான் சரியான கம்பிதான் போட்டுருந்தேன். ஆயிரம் பேரு கேட்டாலும் இதான். எனக்கும் புள்ளகுட்டி கீது, செங்கம்மா" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அவள் குனிந்து குழி மூடியை இழுத்து மூடினாள்.

மறுநாள் சின்னராசுவை எடுத்தார்கள். அன்றைக்கே சுப்பராயன் ஆளனுப்பிச் செங்கம்மாளை ஆபீசுக்குக் கூப்பிட்டார். நாளைக்கு மெட்ராஸிலிருந்து மின்சார இன்ஸ்பெக்டர் வருகிறார், கேட்டால் தினமும் இரண்டு குடம் ஊற்றினேன் என்று சொல், வேறே ஒன்றும் பேசாதே, உன் வேலைக்கு நான் பொறுப்பு என்றார். ஜன்னல் வழியே பார்த்தாள். இரண்டு ஆட்கள் தொட்டியிலிருந்து குடம் குடமாய்க் கொண்டுபோய் எர்த்துக் குழியில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பூட்டுத் திறந்து கிடந்தது. சின்னராசு ஈரக்கையோடு சுவிட்சைத் தொட்டான், அவன் அஜாக்கிரதைதான் காரணம், அப்படித்தான் எழுதியிருக்கிறோம் என்று சுப்பராயன் சாதாரணமாகச் சொன்னார். பெட்டியின் கைப்பிடியில் தண்ணீர் இருந்ததை நாலு பேர் பார்த்திருக்கிறார்களாம்.

ஈரக்கை என்ற சொல் அவள் காதில் விழுந்து, அங்கேயே நின்றது. ஆபீசை விட்டு வந்து பாதி தூரம் நடந்த பிறகுதான் அது உள்ளே இறங்கியது. பத்தேகால் மணி. சின்னராசு இரண்டாவது குடத்தைச் சுவர் தாண்டி நீட்டுகிறான். விளிம்பு வரைக்கும் நிறைந்த குடம், தளும்பி அவன் முழங்கை வரை வழிகிறது. கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே சிரிக்கிறான். சங்கு ஊதுகிறது, ஓடுகிறான். செங்கம்மாள் நடுப்பாதையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பெரியபாளையத்து அம்மன் கோயிலுக்கு மஞ்சள் துணி கட்டிப் போய்க்கொண்டிருந்த நாலைந்து பேர், வெயிலில் மயக்கம் போட்டுவிட்டாள் என்று நினைத்து முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். தண்ணீர் பட்டதும் அவள் போட்ட அலறலில் தெளித்தவன் பயந்து பின்வாங்கினான்.

மூன்றாம் நாள் காலையில் கங்கம்மா வீட்டுக்குப் போனாள். வந்த ஜனம் கலைந்துபோய், கங்கம்மா மட்டும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு பெண் பிள்ளைகளும் ஒரு தட்டில் யாரோ கொடுத்த நாஷ்டாவைப் பிசைந்துகொண்டிருந்தன. திரும்பாமலே கங்கம்மா பேசினாள்.

"ஈரக்கையோட தொட்டுட்டாராம், அவரு மேலதான் தப்பாம். ஊரெல்லாம் சொல்லிக்கினு கீறாங்க. பதினஞ்சு வருசம் மிசின்ல வேல செஞ்ச மனுசனுக்கு அதுகூடவா தெரியாது, யக்கா?"

செங்கம்மாள் சொன்னாள். குழி எதற்கு, தண்ணீர் எதற்கு, காய்ந்த மண் என்ன செய்யும், சின்னராசு கையில் இருந்த ஈரம் எது, எல்லாவற்றையும் தானியேல் சொன்ன அதே வார்த்தைகளில், ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லும்போது அழுகை வரவில்லை. கங்கம்மா கேட்டாள். நடுவில் ஒரு தடவை தன் இரண்டு கைகளையும் மடியில் விரித்துப் பார்த்துக்கொண்டாள். அந்தப் பக்கம் நின்று குடத்தை வாங்கிய கைகள். இருபத்திரண்டு நாளும் அந்தத் தண்ணீரைக் குழந்தையின் தலையில் ஊற்றிய கைகள். தலைமயிரைப் பிடித்து இழுத்து வெளியே தள்ளப்போகிறாள், தள்ளட்டும், காறித் துப்பட்டும் என்று செங்கம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். கங்கம்மா அப்படி எதுவும் செய்யவில்லை. விரித்த கைகளை மடக்கிக்கொண்டு சொன்னாள்.

"என்னாண்ட சொல்லி இன்னா பிரயோசனம். எழுதுறவன் வர்றான்ல. அவனாண்ட சொல்லு."

இன்ஸ்பெக்டர் பதினோரு மணி ரயிலுக்கு வந்தார். ஒல்லியான மனுஷர், மூக்குக்கண்ணாடிக்கு ஒரு பக்கம் நூல் கட்டியிருந்தார். பெட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். அறுந்த ரப்பருக்குப் புது டேப் சுற்றியிருந்தது. பீஸ் கட்டைகளை ஒவ்வொன்றாய் உருவினார். எல்லாவற்றிலும் முடிபோல் புதுக் கம்பி மின்னியது. எர்த்துக் குழியில் குச்சியை விட்டுப் பார்த்தார். சேறு ஒட்டிக்கொண்டு வந்தது. ரொம்ப நன்றாக வைத்திருக்கிறீர்களே என்றார். அதைப் பாராட்டாகச் சொன்னாரா, வேறு மாதிரிச் சொன்னாரா என்று சுப்பராயனுக்கே பிடிபடவில்லை. ஆபீஸ் மேஜைக்கு வந்து பேனாவைத் திறந்துகொண்டு, தண்ணீர் ஊற்றுகிற அம்மா யார் என்று கேட்டார்.

செங்கம்மாள் முன்னால் வந்து நின்றாள். ஜன்னலுக்கு வெளியே கேட் தெரிந்தது. கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கங்கம்மா நின்றிருந்தாள். புருஷன் செத்து மூன்றே நாள் ஆனவள் வாசல் தாண்டி வந்திருக்கிறாள். வாட்ச்மேன் அவளை என்ன சொல்லி விரட்டுவது என்று தெரியாமல் ஒதுங்கி நின்றான்.

"தினமும் ஊத்துவியாம்மா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

மகள் முகம், பேத்தி முகம், அடுப்பில் வைத்துவிட்டு வந்த கஞ்சி, எல்லாம் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. இந்த வேலை போனால் நாளைக்கே வீட்டில் உலை இல்லை. அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"ஊத்தலீங்க. இருவத்திரெண்டு நாளா ஒரு சொட்டு ஊத்தல. பேத்திக்கு ஊத்தினேன். சின்னராசு கையில இருந்த ஈரம் என் கொடத்துத் தண்ணிங்க. எனக்காவத் தூக்கிக் குடுத்துட்டுப் போன கை அது."

சுப்பராயன் பேயறைந்த மாதிரி நின்றுவிட்டு, பிறகு படபடவென்று பேசினார். அக்கம்பக்கத்துச் சாவு, பொம்பளைக்குப் புத்தி பேதலித்திருக்கிறது, இவள் நேற்றே தெளிவாகச் சொல்லி டைப் அடித்தாயிற்று, கைநாட்டு ஒன்றுதான் பாக்கி என்று ஒரு காகிதத்தை மேஜை மேல் வைத்தார். அவள் கட்டைவிரலை அவரே பிடித்து மைப்பெட்டியில் அழுத்தினார். காகிதம் முழுக்க இங்கிலீஷ். அவள் விரலைக் காகிதத்துக்குக் கொண்டுபோய், ஒரு விரற்கடை மேலேயே நிறுத்திக்கொண்டாள்.

"இதுல இன்னா எழுதிக்கீது?"

"நீ சொன்னதுதாம்மா, வை" என்றார் சுப்பராயன்.

அவள் சுவரோரம் நின்ற தானியேலைத் திரும்பிப் பார்த்தாள். "தானியேலண்ணே, நீ மிஷன் பள்ளிக்கூடத்துல படிச்ச ஆளு. படிச்சுச் சொல்லு."

இன்ஸ்பெக்டர் காகிதத்தை எடுத்து அவரிடம் நீட்டினார். வேறு வழியில்லாமல் வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு வரியாய் இங்கிலீஷில் முணுமுணுத்து, தமிழில் சத்தமாகச் சொன்னார். செங்கம்மாள் ஆகிய நான் தினமும் காலையில் தவறாமல் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி வருகிறேன். சம்பவத்தன்றும் ஊற்றினேன். இறந்தவர் ஈரக்கையோடு போனதை நான் கண்ணால் பார்த்தேன். வயர்மேன் தானியேல் பெட்டியில் முறையான அளவு பீஸ் கம்பி போட்டு... அங்கே நின்றுவிட்டார்.

"மேலே படிங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

தானியேல் படிக்கவில்லை. அவர் இன்னொரு கை, அன்றைக்குச் செம்புக் கம்பியைப் போட்டுக்கொண்ட பேண்ட் பையை அழுத்திப் பிடித்தது. சுப்பராயன் என்னவோ சொல்ல வாயெடுத்தார், இன்ஸ்பெக்டர் அவரைப் பார்த்த பார்வையில் அடங்கினார். செங்கம்மாளின் கட்டைவிரல் வெறும் மேஜைக்கு மேலே அந்தரத்தில் நிமிர்ந்தபடியே இருந்தது. வியர்வையில் கரைந்த ஊதா மை உள்ளங்கையில் இறங்கி, மணிக்கட்டைத் தாண்டி, முழங்கைப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதைத் துடைக்கவும் இல்லை, விரலை மடக்கவும் இல்லை.